கருக்கட்டிய நாள் முதல் ஒரு வயது வரை: எது எப்போது உருவாகிறது, எங்கே பிழை வருகிறது

கேள்வி இது: "திருக்கோவிலில் இருக்கிறேன். கல்யாணமாகி நாலு மாதம். இந்த முறை நாள் தள்ளி ஒரு கிழமையாகிறது. 'மூன்று மாதம் கழியட்டும், அதுக்கு முதல் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், கிளினிக்குக்கும் போக வேண்டாம்' என்று மாமி சொல்கிறா. வயிற்றில் எந்தக் கிழமையில் என்ன நடக்கிறது? பிறந்து ஒரு வயது வரை எதைக் கவனிக்க வேண்டும்?"

ஊராருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். மாமி அதை உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறா. ஆனால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இந்தக் கிழமையே போய்ப் பதியுங்கள். மூன்று மாதம் கழியும்போது பிள்ளையின் இதயம், முள்ளந்தண்டு, கை கால், கண், காது, உதடு எல்லாம் உருவாகி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வளர்ச்சிதான். உருவாகும்போது நேர்ந்த பிழையை வளரும்போது திருத்த முடியாது. இலங்கையில் 8 கிழமைக்கு முன்னரே பதியச் சொல்வது இதனால்தான்.

முதலில் கணக்கு. கிளினிக்கில் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். மொத்தம் 40 கிழமை, 280 நாள். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவருக்கு முட்டை வெளிவருவது 14ஆம் நாளளவில். ஆகவே பிள்ளையின் உண்மையான வயது கிளினிக் கணக்கைவிட 2 கிழமை குறைவு. நாள் தள்ளி ஒரு கிழமை என்றால் உங்கள் கிளினிக் கணக்கு 5 கிழமை, பிள்ளைக்கு வயது 3 கிழமை. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் திகதியை மட்டும் நம்பக்கூடாது. கிளினிக் கணக்கில் 11 முதல் 13 கிழமைக்குள் ஸ்கேனில் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து சொல்லும் திகதி சில நாள்தான் முன்பின் ஆகும். இந்தத் திகதி பிழையானால், பிள்ளை வளரவில்லை என்றோ நாள் கடந்துவிட்டது என்றோ பின்னால் எடுக்கும் முடிவுகளும் பிழையாகிவிடும்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம்வரைதான் உயிரோடிருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். கோடிக்கணக்கில் புறப்பட்டாலும் முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுவரும் பலோப்பியன் குழாயின் அகன்ற பகுதிக்கு வந்துசேர்வது சில நூறுதான். ஒன்று உள்ளே நுழைந்ததும் முட்டையின் வெளியுறை மாறி மற்றவற்றைத் தடுத்துவிடும். தாயின் 23 நிறமூர்த்தமும் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்) தகப்பனின் 23 நிறமூர்த்தமும் சேர்ந்து 46 ஆகின்றன. முட்டையில் எப்போதும் இருப்பது எக்ஸ். விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், வை கொண்டுவந்தால் ஆண். மூன்றாவதும் பெட்டைப்பிள்ளை என்று மருமகளைக் குறைசொல்வது அறிவுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாது.

கருக்கட்டிய முட்டை சுமார் 30 மணித்தியாலத்தில் இரண்டாகப் பிரியும். 3ஆம் நாள் எட்டுக் கலமளவு. 5ஆம் நாள் உள்ளே நீர் நிறைந்த ஒரு கலப்பந்து. 6ஆம், 7ஆம் நாளில் அது கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கி, 10 முதல் 12 நாளுக்குள் உள்ளே புதைந்துவிடும். அப்போது அது சுரக்கும் ஓமோனைத்தான் சிறுநீர்ப் பரிசோதனை காட்டுகிறது. பரிசோதனைப் பட்டியில் இரண்டு கோடு வந்தும் பிள்ளை கருப்பைக்குள் இல்லாமல் குழாயிலேயே தங்கிவிடலாம். குழாய் விரியாது, கிளினிக் கணக்கில் 6 முதல் 8 கிழமையளவில் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் பெருகும். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, சிறிதளவு இரத்தப்போக்கு, தோள்மூட்டு நோ, தலைச்சுற்றி மயக்கம் என்றால் ஓட்டோவுக்குக் காத்திருக்காமல் 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிடலாம் என்ற எண்ணம் உயிரைப் பறிக்கக்கூடிய இடம் இது.

இப்போது உங்கள் வயிற்றில் நடப்பது. இங்கே சொல்லும் நாளும் கிழமையும் கிளினிக் கணக்கல்ல, பிள்ளையின் உண்மையான வயது. 3ஆம் கிழமையில் தட்டுப்போல இருந்த முளையம் மூன்று படையாகிறது. மேற்படையிலிருந்து தோலும் மூளையும் நரம்பும். நடுப்படையிலிருந்து இதயம், இரத்தம், எலும்பு, தசை, சிறுநீரகம். உட்படையிலிருந்து குடலின் உள்ளுறை, ஈரல், நுரையீரல். மேற்படையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, இரு ஓரமும் எழுந்து சந்தித்துக் குழாயாக மூடிக்கொள்ளும். அதுதான் பிறகு மூளையும் முண்ணாணும். தலைப்பக்கம் 25ஆம் நாளளவிலும் வால்பக்கம் 28ஆம் நாளளவிலும் மூடவேண்டும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுமையடையாது. அந்தப் பிள்ளை பிழைக்காது. வால்பக்கம் மூடாவிட்டால் முதுகில் திறந்த புண்ணோடு, கால் இயங்காமல், சலம் மலம் கட்டுப்படாமல் பிறக்கலாம். உங்கள் பிள்ளைக்கு இந்த மூடுதல் அடுத்த ஏழெட்டு நாளில் முடிந்துவிடும்.

போலிக் அமிலக் குளிசை தடுப்பது இதைத்தான். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம் தேவை, அதுவும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்களின் வீட்டுக்கு மிட்வைஃப் மிஸ் இந்தக் குளிசையோடு வருவது இதற்காகத்தான். நீங்கள் தொடங்கியிருக்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். முன்பு இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளை பெற்றவர்களுக்கும் வலிப்புக் குளிசை எடுப்பவர்களுக்கும் 5 மில்லிகிராம் தேவைப்படும். அதை வைத்தியர் எழுதித் தரவேண்டும். கீரையிலும் பருப்பிலும் போலேற்று உண்டு, ஆனால் இந்த நாட்களுக்குத் தேவையான அளவைச் சாப்பாட்டால் மட்டும் எட்டுவது கடினம்.

22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். 4ஆம் கிழமையில் கை கால் மொட்டுகள், 8ஆம் கிழமை முடியும்போது பிரிந்த விரல்கள். 8 கிழமை வயதில் பிள்ளை சுமார் 3 சென்ரிமீற்றர். ஆனால் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் போட்டாகிவிட்டது. மேலுதட்டின் துண்டுகள் 4 முதல் 7 கிழமைக்குள் ஒன்றுசேரும், அண்ணம் 9ஆம் கிழமையளவில். சேராமல் போனால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு. கிரகணத்தில் வெளியே வந்ததாலோ அன்று கத்தி பிடித்ததாலோ இது வருவதில்லை. தாய்மார் அந்தப் பழியை ஆயுளுக்கும் சுமக்க விடாதீர்கள். பிளவைச் சத்திரசிகிச்சையால் நன்றாகச் சரிசெய்யலாம்.

இந்தக் கிழமைகளில் உண்மையில் கெடுப்பவை வேறு. கிளினிக் கணக்கில் முதல் 12 கிழமைக்குள் தாய்க்கு ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) வந்தால் பிள்ளையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். ருபெல்லா ஊசியைக் கருத்தரிப்பதற்கு முன்பே போட்டு, குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விடவேண்டும். கர்ப்பத்தில் போட முடியாது. நீரிழிவு கட்டுப்படாமல் கருத்தரித்தால் இதயத்திலும் முள்ளந்தண்டிலும் பிழை வரும் வாய்ப்பு கூடும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், வலிப்புக்கான வல்புரோயேட், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வாபரின் ஆகியவை ஆபத்தானவை. ஆனால் வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் இருவருக்கும் ஆபத்து. வெற்றிலை போடும் பழக்கமிருந்தால் புகையிலையை விடுங்கள். நிக்கொட்டின் சூல்வித்தகத்தின், அதாவது நச்சுக்கொடியின், இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிள்ளையின் நிறையைக் குறைக்கும். வீட்டில் ஆண்கள் சிகரெட் பிடித்தாலும் அதே பாதிப்புத்தான்.

நமது பகுதியில் மச்சான் மச்சாள் கல்யாணம் வழமை. பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். சொந்த மச்சானைக் கட்டியவர்களில் இது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள், ஆனால் குடும்பத்தில் செவிடு, தலசீமியா (பரம்பரை இரத்த நோய்), காரணம் தெரியாத குழந்தை இறப்பு இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இருவரும் தலசீமியாக் காவிகளாக, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் வரும்.

முதல் மூன்று மாதத்தில் கருக்கலைவது அரிதல்ல. அதில் பாதியளவுக்கு நிறமூர்த்தப் பிழைதான் காரணம். சைக்கிளில் ஏறியதாலோ அன்னாசி தின்றதாலோ கலைந்தது என்று யாரும் ஒரு பெண்ணைக் குற்றஞ்சாட்டக்கூடாது.

கிளினிக் கணக்கில் 12 கிழமையளவில் சூல்வித்தகம் முழுப் பொறுப்பையும் ஏற்கும். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. மெல்லிய சவ்வினூடாக ஒட்சிசனும் உணவும் உள்ளே போக, கழிவு வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில்தான் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் பூச்சிக் குளிசையும் தருவார்கள். இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் தேயிலையிலுள்ள தனின் அதைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சரியாகச் சேராது. தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கல்சியக் குளிசையையும் அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் எடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் வயிற்றுப் பிரட்டலும் குறையும், சத்தும் கூடுதலாகச் சேரும். மலம் கறுப்பது பயப்படவேண்டியதல்ல. கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமா உங்களுக்குரியது. வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்கு வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பொதுவாக அமைதியான காலம். தலைப்பிள்ளையின் அசைவைக் கிளினிக் கணக்கில் 18 முதல் 20 கிழமையில் உணர்வீர்கள், அடுத்த பிள்ளைகளில் சற்று முந்தி. உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 கிழமைக்குள். நீரிழிவுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை 24 முதல் 28 கிழமைக்குள். அது கசப்பான அனுபவம்தான், ஆனாலும் தவறவிடாதீர்கள். 25 கிழமையளவில் பிள்ளை ஒலிகளுக்கு அசையத் தொடங்கும்.

28 கிழமையில் பிள்ளை ஏறத்தாழ 1 கிலோ. 32 கிழமையில் 1.8 அளவு, நாளாகிப் பிறக்கும்போது 3 கிலோவுக்கு அருகில், 2.5க்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை. கொழுப்பும் இரும்புச் சேமிப்பும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கின்றன. நுரையீரலின் சிற்றறைகள் மூச்சுவிடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவம் 34, 35 கிழமையளவில்தான் போதிய அளவு வரும். அதற்கு முன் பிரசவ நோ தொடங்கினால் தாய்க்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி பிள்ளையின் நுரையீரலை முதிர்விக்கும். அது வேலைசெய்ய ஒரு நாள் வேண்டும். ஆகவே 'பொய்நோ' என்று நீங்களே முடிவுசெய்து வீட்டில் இருக்காதீர்கள். தாங்கமுடியாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குதல் ஆகியவை பிறஷர் கூடியதன் அறிகுறிகள், வலிப்பில் முடியலாம். பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைந்தால் அன்றைக்கே போங்கள். சாப்பிட்டுப் படுத்துப் பார்த்து மறுநாள் காலைவரை காத்திருக்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியசாலை. மாரியில் டெங்கு இங்கே சாதாரணம், கர்ப்பிணிக்கு அது வேகமாக மோசமாகும். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை எடுக்கவேண்டாம்.

மாரியில் பிரசவ நாள் வருகிறவர்களுக்கு இன்னொன்று. வடகீழ்ப் பருவமழையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும், வாவியைக் கடக்கும் மண்டூர் குருமண்வெளிப் பாதைச் (மிதவைப் படகு) சேவை நிற்கும். கார்த்திகை முதல் தை வரை நாள் வைத்திருப்பவர்கள் 37, 38 கிழமையிலேயே வைத்தியசாலைக்குக் கிட்டிய சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. கிளினிக் கொப்பி, இரத்த வகை எழுதிய தாள், உடுப்புப் பை ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிவையுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தால் நோ வராவிட்டாலும் புறப்பட வேண்டும். நீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்.

பிறந்ததும் முதல் மூச்சில் நுரையீரல் விரிந்து, இதயத்தின் இரு பக்கத்தையும் இணைத்திருந்த வழி மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போட வேண்டும். முதல் நாள் வரும் கடும்புப்பால் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டியளவுதான். பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும், நோயெதிர்ப்புச் சத்து நிறைந்தது. 'பால் இல்லை' என்று சீனித்தண்ணியோ மாப்பாலோ கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறைந்து, உறிஞ்சாததால் உண்மையிலேயே பால் குறைந்துவிடும். காட்டுத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

பால் போதுமா என்பதைப் பிள்ளையின் அழுகையைக்கொண்டு அளக்காதீர்கள், சலம் போவதைக்கொண்டு அளந்து பாருங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, 6ஆம் நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவை. கறுத்த மலம் 5ஆம் நாளளவில் மஞ்சளாகும். முதல் நாட்களில் பிறந்த நிறையில் 7 வீதமளவு குறைவது இயல்பு, 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. 2 கிழமைக்குள் திரும்ப வரவேண்டும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் உடல் மஞ்சளானால், அல்லது மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கினால், இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மஞ்சளாக்கும் பொருளான பிலிருபின் மூளையில் படிந்தால் நிரந்தரப் பாதிப்பு. வைத்தியசாலையின் நீல ஒளிதான் சிகிச்சை. 2 கிழமைக்குப் பின்னும் மஞ்சள் நீடித்து மலம் வெள்ளையாகப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், 60 நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நோய் அது. கொப்பூழில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். காயவிட்டால் 5 முதல் 15 நாளுக்குள் விழுந்துவிடும். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றாலே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஏணை பற்றிப் பலரும் கேட்பதால் சொல்கிறேன். சிறு பிள்ளையை ஏணையில் போட்டால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்கலாம். நித்திரைக்குத் தட்டையான இடத்தில், மல்லாக்க, தலையணையில்லாமல் கிடத்துவதுதான் பாதுகாப்பு. ஏணையில் ஆட்டினாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தூங்கியதும் இறக்கிவிட வேண்டும்.

நிறை 5 மாதத்தில் இரட்டிப்பு, ஒரு வயதில் மும்மடங்கு. உயரம் 50 சென்ரிமீற்றரிலிருந்து 75க்கு. தலைச் சுற்றளவு 34, 35இலிருந்து 46 அளவுக்கு ஏறும். மூளை இத்தனை வேகமாக வளரும் காலம் மீண்டும் வராது. அதனால்தான் பிள்ளையோடு கதைப்பதும் முகம் பார்த்துச் சிரிப்பதும் தாலாட்டுவதும் பாலைப்போலவே தேவை. உடற் கட்டுப்பாடு தலையிலிருந்து காலுக்கு இறங்கும். 6 கிழமையில் முகம் பார்த்துச் சிரிப்பு, 4 மாதத்தில் தலை நிற்கும், 4 முதல் 6 மாதத்தில் புரளும், 6 முதல் 8 மாதத்தில் யாரும் பிடிக்காமலே உட்காரும், 9, 10 மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுக்கும். தவழாமலே எழும்பும் பிள்ளைகளும் உண்டு. நடை 12 முதல் 15 மாதத்தில், 18 வரை பொறுக்கலாம். வோக்கர் வாங்காதீர்கள், அது நடையை முந்திக் கொண்டுவராது, படியில் விழுத்தும்.

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் தேவையில்லை, பங்குனி சித்திரை வெக்கையிலும் தேவையில்லை. 6 மாதத்தில் பிறவி இரும்புச் சேமிப்பு முடிந்துவிடும், தாய்ப்பாலால் மட்டும் அதை நிரப்ப முடியாது. அங்கே பெரும்பாலான வீடுகள் விடும் பிழை, கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் கொடுப்பது. தண்ணியில் வயிறு நிறையும், சத்து இராது. குழைந்த சோற்றைக் கரண்டியால் மசித்து, கரண்டியைச் சரித்தாலும் வழியாத பதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு மூன்று தடவை தொடங்குங்கள். சில நாளுக்குள்ளேயே பருப்பு, பூசணி, முருங்கை இலை, முள் நீக்கிய மீன், ஈரல், முட்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ நெய்யோ விட்டால் சக்தி கூடும். 8 மாதத்தில் ஒரு தடவைக்கு அரைக் கோப்பை, ஒரு வயதில் முக்கால் கோப்பைக்கு மேல். மிக்சியில் அரைத்தே கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை மென்று தின்னப் பழகாது. 9, 10 மாதத்துக்கு முன் சிறு கட்டிகளுக்கு மாறவேண்டும். குடிக்கும் பாலாகப் பசுப்பால் ஒரு வயதுக்குப் பிறகு.

ஊசிகள்: பிறந்ததும் பிசிஜி (காசநோய்க்கு), 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும், 9 மாதத்தில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), 12 மாதத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி. தடிமன், இலேசான இருமல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல.

இவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள்: 3 மாதத்திலும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 5 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, ஒலிக்குத் திரும்பவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, வந்த திறமை மறைகிறது. செவிடு 6 மாதத்துக்குள் தெரிந்தால் பேச்சு ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப்போலவே வர வாய்ப்புண்டு. முந்திப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கை மாற்றுங்கள்: 32 கிழமையில் பிறந்திருந்தால் 8 கிழமையைக் கழித்து, 2 வயது வரை அந்த வயதையே வைத்துப் பாருங்கள். ஊசிக்கு அப்படிக் கழிக்கக்கூடாது. பிறந்த திகதியிலிருந்தே எண்ணுங்கள்.